அரை ரிக்கற்

12.2.95 ஞாயிறு

காலை நல்ல பனி. கிணற்றடி வாழை பத்து மணி வரை சொட்டிக்கொண்டிருந்தது. உடுப்பு ஒன்றும் காயவில்லை.

பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூட்டம். இந்த வருஷமும் நான் உபசெயலாளர். வாசிகசாலைப் பேப்பர் மடிப்பதும் கூட்டத்துக்கு முன் கதிரை துடைப்பதும் அந்தப் பதவிக்குள் அடக்கம்.

விஷயம், சித்திரை வருஷப்பிறப்புக்கு ஊர்க் குடும்ப விழா. ஐந்து வருஷமாக நடக்கவில்லை. இப்போது சண்டை நின்றிருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று ஒருவருக்கும் தெரியாது, அதனால் எல்லோருக்கும் அவசரம். சாக்கோட்டம், முட்டி உடைத்தல், கயிறிழுத்தல், பிள்ளைகளின் நாடகம், கடைசியில் எல்லோருக்கும் சாப்பாடு. இவை எல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்தன. பிறகு ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டோம். வாசலில் காசுக்கு நுழைவு ரிக்கற் வைப்பதா, இல்லையா.

பொருளாளர் நடராசா சந்தியில் கடை வைத்திருப்பவர். வைக்கத்தான் வேண்டும் என்றார். "மண்ணெண்ணெய் விக்கிற விலைக்கு ஜெனரேற்றருக்கு ஆர் ஊத்துறது? காசு குடுத்து வந்தவன் எண்டால் ஒழுங்கா இருந்து பாப்பான். சும்மா வாறவன் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவான்."

தலைவர் செல்லத்துரை அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "வீட்டுக் கலியாணத்துக்கு வாற சனத்தைப் படலையிலை மறிச்சுக் காசு கேக்கிறனியோ? விழா எண்டால் வீடு வீடாப் போய்ச் சொல்லவேணும். சொன்னால் சனம் வரும். அதுதான் முறை."

முறை சரிதான். எங்கள் ஊரில் சொல்வதென்றால் வாயால் சொல்வது மட்டுமில்லை. படலை திறந்து உள்ளே போய், கதிரையில் இருந்து, ஒரு வாய் தேத்தண்ணியாவது குடித்து, "குடும்பத்தோடை வாங்கோ" என்று சொல்லிவிட்டு வரவேண்டும். செத்தவீட்டுக்கு மட்டும்தான் சொல்லாமல் போகலாம். நல்ல காரியத்துக்குச் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்க்கமாட்டார்.

நான் ரிக்கற் பக்கம் கதைத்தேன். நன்றாகவே கதைத்தேன். முந்தி வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, விழாவன்று ஒலிபெருக்கியில் இன்னார் இவ்வளவு என்று வாசிப்போம், குறையக் கொடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார். ரிக்கற் என்றால் எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே மரியாதை. வீடு வீடாகத் திரிய வேண்டியதுமில்லை, கரும்பலகையில் எழுதிவிட்டால் போதும். நடராசா மேசையில் தட்டினார். "ஒரு வீட்டுக்கு ஒரு குடும்ப ரிக்கற்" என்றார். தனியாக இருக்கிற ஆட்களுக்கு என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள்.

"ரீச்சருக்கு அரை ரிக்கற்" என்று நடராசா என்னைக் காட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடராசா கெட்ட மனிதர் இல்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லுகிறவர். ஆனால் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது அதுதான் காதில் நின்றது.

முடிவு இல்லை. வருகிற மாதம் கை தூக்கி முடிவு.

13.2 திங்கள்

பள்ளிக்கூடம். நாலாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தடிமன். எனக்கும் தொண்டை கரகரக்கிறது.

நேற்றுக் கூட்டத்தில் சொன்ன நியாயம் எல்லாம் நல்ல நியாயம்தான். ஆனால் அவை என் நியாயம் இல்லை. இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.

வீடு வீடாகச் சொல்வதென்றால் ஊரைத் தெருத் தெருவாகப் பிரித்து, ஒழுங்கைக்கு ஒரு ஆளைப் போடுவார்கள். எங்கள் ஒழுங்கை எனக்குத்தான் வரும். எங்கள் ஒழுங்கையில் புவனத்தின் வீடும் இருக்கிறது.

புவனம் என் தங்கை. கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். ஏழு வருஷமாக நாங்கள் கதைப்பதில்லை. அவளுடைய மகள் சுகந்தி பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு எனக்குச் சொல்ல வரவில்லை. கார்ட் வந்தது, தபாலில். அவளுடைய படலைக்கும் என் படலைக்கும் நடுவில் நாலு வீடு. அந்தக் கார்ட் இந்த ஒழுங்கையை விட்டுத் தபால் கந்தோருக்குப் போய், முத்திரை குத்துப்பட்டு, தபால்காரரின் சைக்கிளில் ஏறி, அவளுடைய வாசலைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தது. மேலே செல்வி என்று போட்டு என் முழுப்பெயர். பெரியம்மாவுக்கு வந்த கார்ட்.

நான் போகவில்லை. கலியாணம் கட்டாத தமக்கை நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்று அவளுடைய மாமியார் சொல்லியிருப்பார், இவளும் தலையாட்டியிருப்பாள் என்பது என் எண்ணம். எண்ணம்தான். கேட்டதில்லை. மாமியாரும் செத்துப்போனார். செத்தவீட்டுக்குப் போனேன், அங்கேயும் கதைக்கவில்லை.

20.2 திங்கள்

வெயில். உடுப்புக் காய்ந்தது. தொண்டை பரவாயில்லை, கொத்தமல்லி குடித்தேன்.

முன்வீட்டுப் பரமேஸ் தேங்காய் துருவ அலகு வாங்க வந்தாள். அவள் வாங்க வந்தால் அலகு ஒரு பக்கம், கதை ஒரு பக்கம்.

"ரீச்சர், சுகந்திக்குக் கனடாவிலை பொருந்தியிட்டுதாம். மாப்பிள்ளை அவளின்ரை தகப்பன் பக்கத்துச் சொந்தம்தானாம். கொழும்புக்குப் போய் அங்கையிருந்து ஏத்துறதாம்."

எப்போது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அவளுடைய கண் விரிந்துவிட்டது. "ஆர் சொல்லுவினம்? பயண நாளை வாய் திறப்பினமே. கண்ணூறு பட்டு வெளியாலை போற பாஸ் கிடையாமல் போயிடும் எண்டு பயம். வருஷம் பிறந்தாப் பிறகு எண்டுதான் நான் நினைக்கிறன்."

அலகைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு குசினிக்குள் சும்மா நின்றேன்.

சுகந்திக்கு ஏடு தொடக்கி அகரம் எழுதக் கை பிடித்தவள் நான். பன்னிரண்டு வயது வரை பள்ளிக்கூடம் விட்டால் நேரே இங்கேதான் வருவாள். இப்போது கோயிலில் கண்டால் சிரிக்கிறாள், தாய் பக்கத்தில் நின்றால் சிரிப்பதில்லை. அவளில் பிழை இல்லை. கனடா போனவர்கள் திரும்பி வந்து நான் இன்னும் காணவில்லை. நான் ஐம்பத்தைந்து. அவள் போனால் போனதுதான்.

26.2 ஞாயிறு

ஜெசிந்தா மீன் கொண்டுவந்தாள். ஒட்டி, நல்ல புதிது. ஜெசிந்தா மயிலிட்டிக் கடற்கரைக் கத்தோலிக்கச் சனம். ஐந்து வருஷத்துக்கு முன் இடம்பெயர்ந்து வந்து, புகையிலைத் தோட்டத்தடியில் ஆட்கள் விட்டுப்போன வீடு ஒன்றில் நாலு குடும்பமாக இருக்கிறார்கள். அவளுடைய புருஷன் அரியாலைப் பக்கம் போய்க் களப்பில் யாருடைய வள்ளத்திலோ கூலிக்குப் போகிறார். அவளுடைய கடைசிப் பிள்ளை என் வகுப்பு.

மீனை வெட்டிக்கொண்டே விழாவைக் கேட்டாள். ஊர் முழுக்க இந்த ரிக்கற் கதைதான்.

"ரிக்கற்றோ ரீச்சர் வைக்கப் போறியள்?"

இன்னும் முடிவில்லை, உங்களுக்குக் கஷ்டம் என்றால் ஏதாவது குறைக்கச் சொல்லலாம் என்றேன். பெரிய மனதோடு சொல்வதாக நினைப்பு.

"குறைக்க வேண்டாம். ரிக்கற் வைச்சால் நல்லம் ரீச்சர். ரிக்கற் எண்டால் நாங்கள் வாங்கிக்கொண்டு வருவம், ஒருத்தரும் ஏன் வந்தனீங்கள் எண்டு கேக்கேலாது. சொல்லிக் கூப்பிடுற விழா எண்டால் எங்களுக்கு ஆர் சொல்லப் போகினம்? நாங்கள் ஆரின்ரை ஒழுங்கையிலும் இல்லையே."

கூட்டத்தில் ஏழு பேர் ஒன்றரை மணித்தியாலம் கதைத்தோம். தோட்டத்தடி வீடு ஒருவருடைய வாயிலும் வரவில்லை. என் வாயிலும்தான்.

போகும்போது திரும்பி நின்று சொன்னாள். "வருஷப்பிறப்பு இந்தமுறை பெரிய வெள்ளியிலை எல்லோ விழுது. அண்டைக்கு வைச்சால் நாங்கள் எப்பிடியும் வரேலாது. பிறகு, வந்திலினம் எண்டு குறை நினையாதேங்கோ."

கலண்டரைப் பார்த்தேன். பெரிய வெள்ளிதான். சைவச் சனம் ஏழு பேரும் கலண்டரின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து நாள் வைத்திருக்கிறோம்.

ஒட்டிக் குழம்பு. தனியாள் ஒருத்திக்கு அது மூன்று நேரம்.

5.3 ஞாயிறு

கூட்டம். வெக்கை. தலைவர் வீட்டு மோர்.

நாள் மாற்றியாகிவிட்டது, ஏப்ரல் 17 திங்கள். நான்தான் பெரிய வெள்ளியைச் சொன்னேன். ஒருவர் முணுமுணுத்தார். "வருஷத்துக்கு வைக்கிற விழாவை வருஷம் முடிஞ்சு வைக்கிறதோ?" தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

பிறகு ரிக்கற். மூன்று பேர் வேண்டும், மூன்று பேர் வேண்டாம். நடராசா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். போன கூட்டத்தில் அவருக்காக வாதாடியவள் இல்லையா, கை தூக்குவேன் என்ற நம்பிக்கை.

நான் வேண்டாம் என்ற பக்கம் தூக்கினேன்.

"ரீச்சர், இதென்ன, போனமுறை நீங்கள்தானே..."

யோசித்தேன், ஊர் விழாவுக்கு வீடு வீடாகச் சொல்வதுதான் வடிவு என்றேன். தலைவருக்குச் சந்தோஷம், அம்மையார் நல்ல புத்தி சொன்னார் என்றார். நடராசா என் பக்கம் பாராமல் ஒரு வெற்றிலையை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

நல்ல புத்தியுமில்லை ஒன்றுமில்லை. ரிக்கற் வைத்தால் நான் புவனத்தின் வீட்டுக்குப் போகத் தேவையில்லை. வைக்காவிட்டால் போயே தீரவேண்டும், யாரும் ஏன் என்று கேட்க முடியாது, அவளும் கேட்க முடியாது. நிலையம் அனுப்பியது, வந்தேன். போன மாதம் பயமாக இருந்த அதே காரியத்துக்கு இந்த மாதம் நானே கை தூக்கியிருக்கிறேன். நடுவில் நடந்தது சுகந்தியின் கனடா மட்டும்தான்.

ஒரு நிபந்தனை வைத்தேன், தோட்டத்தடிச் சனத்துக்கும் சொல்ல வேண்டும் என்று. சரி, நீங்களே சொல்லுங்கோ என்றார்கள். ஆகவே எங்கள் ஒழுங்கையும் தோட்டத்தடியும் என் பொறுப்பு.

வருகிற வழியில் ஒரு வரி பாடினேன் போலிருக்கிறது. எதிரே வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

26.3 ஞாயிறு

செய்ய வேண்டியது:
— சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு (செம்பு தலைவர் வீட்டில்)
— மடத்துக் கிடாரம் இரண்டு, அகப்பை, கழுவித் திருப்பிக் கொடுப்பது என் பொறுப்பாம்
— சாக்கு
— நாடகப் பிள்ளைகளுக்கு மீசை. போன மீசையை எலி தின்றுவிட்டது.
— சொல்லத் தொடங்குவது

தோட்டத்தடிக்கு இன்று போனேன். நாலு குடும்பமும் ஒரு விறாந்தையில் கூடிவிட்டது. ஒரே ஒரு கதிரை, எனக்குத் தந்தார்கள். பால் இல்லாத பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டி. "குடும்பத்தோடை வாங்கோ" என்றேன். ஜெசிந்தாவின் மாமனார், கிழவர், எழுந்து நின்று கையைக் கும்பிட்டார். "இஞ்சை வந்தாப் பிறகு இதுதான் பிள்ளை முதல் தரம் எங்களுக்கு ஒருத்தர் வந்து சொல்லுறது" என்றார்.

எனக்கு வேலை மிக லேசாக நடந்தது. பெயர் தெரியாத வீட்டில் ஏறி இருந்து தேத்தண்ணி குடிக்க எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. நாலு வீடு தள்ளி இருக்கிற வீட்டுக்குப் போகத்தான் கால் எழும்பவில்லை.

2.4 ஞாயிறு

எங்கள் ஒழுங்கை. பரமேஸையும் கூட்டிக்கொண்டு போனேன், சொல்லப் போகிற இடத்துக்கு ஒற்றையாகப் போகக்கூடாது. வடக்குப் பக்கம் முழுக்க முடிந்தது. எட்டுத் தேத்தண்ணி. பரமேஸுக்கு நெஞ்செரிவு.

தெற்குப் பக்கம் மூன்று வீடு. புவனத்தின் படலைக்குக் கிட்டப் போனதும் பரமேஸ் சேலையைச் சரிசெய்தாள். "ரீச்சர், இதுக்கு நீங்கள் தனியத்தான் போகவேணும். நான் நிண்டால் அவவும் கதைக்கமாட்டா, நீங்களும் கதைக்கமாட்டியள்." சில நேரங்களில் அவளுக்கு மூளை வேலை செய்கிறது. அடுத்த கிழமை போகிறேன் என்றேன்.

8.4 சனி

போய்விட்டு வந்தேன். எழுதத்தான் வேண்டும், எழுதாவிட்டால் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடும்.

பத்து மணி. நீலச் சேலை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். நிலையத்தின் விழாவுக்குச் சொல்ல வந்தேன், குடும்பத்தோடு வாருங்கள். அது முடிய, பிறகு மெல்ல, சுகந்தி எங்கே என்று கேட்பது. அப்படி ஒரு திட்டம்.

புவனம் முற்றத்தில் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்திருக்கிறாள். காதடியில் நரை. என்னைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்தாள். முகம் அப்படியே விரிந்தது, சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது விரிகிற மாதிரி.

"அக்கா. வா. வா அக்கா, வெயிலுக்குள்ளை நிக்காதை."

நான் நிறுத்தியிருக்க வேண்டும். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது வாயில் இருந்ததே, அது முந்திவிட்டது.

"சனசமூக நிலையத்தின்ரை குடும்ப விழா பதினேழாம் தேதி. சொல்ல வந்தனான். குடும்பத்தோடை வாங்கோ."

வாங்கோ என்றேன். என் தங்கைக்கு.

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். "ஓ. நிலையத்தாலையோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

தட்டில் வைத்து, விருந்தாளிக் கோப்பையில் கொண்டுவந்தாள். அம்மாவின் கோப்பை, பச்சைக் கோடு. குடித்தேன். சூடாயிருந்தது, நாக்குச் சுட்டது. அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள், இருக்கவில்லை. சுகந்தியைக் கேட்க வாய் வரவில்லை. உள்ளே தையல் மெசின் சத்தம் ஓடி நின்றது, பிறகு ஓடவில்லை.

"வருவியளோ?" என்றேன்.

"பாப்பம். வேலை கிடக்கு."

இதுக்கு மேலே ஒன்று செய்தேன். கையிலிருந்த வீட்டுப் பட்டியல் தாளை விரித்து, அவர்களுடைய வீட்டுக்கு நேரே பேனையால் ஒரு சரி போட்டேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்க. முப்பது வருஷம் கொப்பிகளில் சரி போட்ட கை, தன்பாட்டில் போட்டது. அவள் அந்தச் சரியைப் பார்த்தாள். நான் எழும்பினேன்.

ஒழுங்கையில் பரமேஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

மத்தியானம் சமைக்கவில்லை. பாணும் வாழைப்பழமும்.

ஏழு வருஷம் யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு போய், காரணத்தை மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மூதேவி நான்.

14.4 வெள்ளி

வருஷப்பிறப்பு. மருத்துநீர் கோயிலில் வாங்கி வந்து வைத்து முழுகினேன். தலையில் இலை வைக்க ஒரு ஆள் வேண்டும், நானே வைத்துக்கொண்டேன். பொங்கல். சுவாமிக்குப் படைத்துவிட்டு மிச்சம் முழுக்க என்னுடையது.

கைவிசேஷக் காசு வாங்க வந்தவை பரமேஸின் இரண்டு குஞ்சுகள் மட்டும். வாசல் கதவை மத்தியானம் வரை பூட்டவில்லை. படலை இரண்டு தரம் சத்தம் போட்டது. ஒரு தரம் ஆடு. மற்றது காற்று.

17.4 திங்கள்

விழா முடிந்தது. கால் வீங்கியிருக்கிறது. ஆனால் எழுதிவிட்டுப் படுக்கலாம்.

எனக்கு வாசலில் வேலை. சந்தனத் தட்டும் பன்னீர்ச் செம்பும். நடராசா முதல் ஆளாக வந்து, "ரிக்கற் இல்லை எண்டால் இதையாவது காட்டும்" என்று சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு போனார். கோபம் தீர்ந்துவிட்டது, அல்லது விழாவுக்காக ஒத்திவைத்திருக்கிறார்.

நாலு மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. இவ்வளவு சனம் ஊரில் இன்னும் இருக்கிறதா என்று இருந்தது. ஆனால் தோட்டத்தடிச் சனத்தைக் காணவில்லை. பார்த்தால், ரோட்டுக்கு மற்றப் பக்கம், பூவரச வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நாலு குடும்பமும். பிள்ளைகளுக்கு உயிர்த்த ஞாயிறுச் சட்டை, தலை படிய வாரி. கிழவர் வெள்ளை வேட்டி. எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியாது.

தட்டை மேசையில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தேன். ஏன் நிற்கிறீர்கள், சொன்னேனே என்றேன்.

"சொன்னனீங்கள்தான். கையிலை ஒண்டும் இல்லை எல்லோ ரீச்சர். வாசலிலை ஆரும் கேட்டால் என்னத்தைக் காட்டுறது?" என்றாள் ஜெசிந்தா.

கிழவரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். தலைவர் எழுந்து வந்து கிழவருக்குத் தன் பக்கத்தில் கதிரை போட்டார். அது நல்ல மனிதர் செய்கிற வேலை, இங்கே எழுதி வைக்கிறேன். ரிக்கற் வைத்தாலும் வைக்காவிட்டாலும் வாசலில் ஒரு ஆள் நின்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகத்தான் வேண்டியிருக்கிறது.

சாக்கோட்டம் நடக்கும்போது புவனம் வந்தாள். புருஷன், சுகந்தி, மூன்று பேரும். பாப்பம் என்றவள் வந்துவிட்டாள். தட்டை நீட்டினேன். புருஷன் சந்தனம் தொட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார். புவனம் தொட்டாள். விரல் தட்டில் ஒரு கணம் கூட நின்றது போல எனக்குப் பட்டது. படக்கூடியதுதான், பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு எல்லாம் படும். புருஷனுக்குப் பின்னால் போனாள்.

சுகந்தி நின்றாள். வளர்ந்து என்னை விட உயரம். "பெரியம்மா, உங்கடை முகமெல்லாம் சந்தனம்" என்று தன் லேஞ்சியால் என் கன்னத்தைத் துடைத்தாள். "வீட்டை வாறன் பெரியம்மா" என்றாள். பின்னால் சனம் தள்ளியது, போய்விட்டாள்.

பிறகு எனக்கு நாடகம், மீசை, மத்தியஸ்தம். கணவன் மனைவி ஒரு காலைச் சேர்த்துக் கட்டி ஓடும் போட்டிக்கு நான் நடுவர். ஏன் என்னைப் போட்டார்கள் என்றால், ஓடுவதற்கு ஆள் இல்லாதவள் நான் ஒருத்திதான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், உண்மையில் எனக்கும் சிரிப்பு வந்தது. முடிந்து பார்க்கும்போது புவனம் உட்கார்ந்திருந்த வாங்கு காலி.

அவ்வளவு சனத்துக்கும் சாப்பாடு போதாமல் போய்விட்டது. நடராசா வாய்க்குள் திட்டிக்கொண்டே கடையைத் திறந்து பாண் கொண்டுவந்தார். "ரிக்கற் வைச்சிருந்தால் கணக்குத் தெரிஞ்சிருக்கும்." தலைவர் சொன்னார், "வைச்சிருந்தால் இவ்வளவு சனத்தைக் கண்டிருக்கமாட்டாய்." இரண்டும் சரி. நான் நின்றபடி பாணும் சம்பலும் சாப்பிட்டேன்.

வீட்டை வாறன் என்றாள். எப்போது என்று சொல்லவில்லை.

18.4 செவ்வாய்

காலை முழுக்க வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடம் விடுமுறை. பலகாரத் தட்டைத் துடைத்து, ஒரு கதிரைக்குப் புது உறை போட்டேன். ஒருவரும் வரவில்லை.

மூன்று மணிக்கு மடத்திலிருந்து ஆள் வந்தது, கிடாரம் கழுவவில்லையாம், நாளைக்குக் கோயிலில் அன்னதானமாம். என் பொறுப்பு. போனேன். அடிப்பிடித்த கிடாரம், சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை எரிந்தது. பொழுதுபட்டுத்தான் வந்தேன்.

பரமேஸ் படலையில் நின்றாள்.

"சுகந்தி வந்தவள் ரீச்சர். தாயும் வந்தவ. பயணம் சொல்ல. நல்லாக் காத்துக்கொண்டு நிண்டவை. நான் மடத்துக்கு ஓடிவந்து சொல்லுறன் எண்டனான், தாய்தான் வேண்டாம் எண்டிட்டா. வேலையாப் போனவவை ஏன் இழுக்கிறாய் எண்டு."

புவனமும் வந்தாளா என்று கேட்டேன். வந்தவதான், வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ என்றாள்.

இப்போதே போகலாம். நாலு வீடு. ஆனால் உடம்பெல்லாம் கரி. இருட்டிவிட்டது. பயணம் சொல்ல வந்தவர்களின் வீட்டுக்கு நான் போய், எனக்குப் பயணம் சொல்லுங்கள் என்று நிற்பதா. வெளிநாடு போகிறவர்கள் சொல்லிவிட்டு உடனே வெளிக்கிடுவதில்லை, ஒரு நாளாவது விடுவார்கள். நாளை விடிய முழுகிவிட்டு, அந்த நீலச் சேலையையே உடுத்துக்கொண்டு போகிறேன்.

19.4 புதன்

விடிய முழுகினேன். சேலை உடுத்தேன். பூவும் வைத்தேன். படலையைத் திறக்க, முன்வீட்டிலிருந்து பரமேஸ் கூப்பிட்டாள்.

"போயிட்டினம் ரீச்சர். கோழி கூவ முந்தியே. கிளாலித் துறைக்கு, வள்ளம் ஏற. தகப்பனும் கூடப் போயிட்டார்."

திரும்பி வந்து இருந்தேன். அழுதேன் என்று எழுதினால் என்ன. அழுதேன். எட்டு மணி வரை.

பிறகு யோசித்தேன். சுகந்தி போய்விட்டாள். விழா முடிந்துவிட்டது. சொல்ல ஒரு விஷயம் இல்லை, வாங்க ஒரு சாமான் இல்லை, நிலையமும் அனுப்பவில்லை. அந்த வீட்டுக்குப் போக இனி எனக்கு ஒரு காரணமும் கிடையாது.

போனேன். கையில் ஒன்றும் இல்லை. படலை சாத்தியிருந்தது, தள்ளினால் திறந்தது. புவனம் வாசற்படியில் தனியே இருந்தாள், தலை வாரவில்லை. பக்கத்தில் சுகந்தியின் ஒரு சோடிச் செருப்பு. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் வீங்கியிருந்தது.

"என்ன விஷயமா வந்தனீங்கள்?" என்றாள்.

"ஒண்டுமில்லை புவனம். சும்மா வந்தனான்."

செருப்பை எடுத்து மற்றப் பக்கம் வைத்தாள். படியில் இருந்தேன்.